தேர்தல் அறிக்கை முதல் அரசாணை வரை: வாக்குறுதி எங்கே சுருங்குகிறது?

ஆட்சிக்காலம் முடியும் நேரத்தில் தமிழ்நாட்டில் ஒரு கணக்குச் சண்டை தவறாமல் நடக்கும். சொன்னதில் பெரும்பாலானதைச் செய்துவிட்டோம் என்று ஆளுங்கட்சி ஒரு விழுக்காடு சொல்லும். கால்வாசிகூடத் தேறாது என்று எதிர்க்கட்சி இன்னொரு விழுக்காடு சொல்லும். இருவர் கையிலும் இருப்பது ஒரே தேர்தல் அறிக்கைதான். பார்க்கிறவருக்கு இரண்டு கேள்விகள் எழும். இந்த வாக்குறுதிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா? அதைவிட முக்கியமாக, 'காப்பாற்றிவிட்டோம்' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: இல்லை. இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். வாக்குறுதியை 'மாட்டோம்' என்று நேராக மறுக்கும் அரசு அபூர்வம். நடுவழியில் அது சுருங்கும். எந்த இடத்தில் சுருங்குகிறது என்று தெரிந்தால் இந்த விழுக்காட்டுச் சண்டையின் சூட்சுமம் புரிந்துவிடும்.

ஒரு வாக்குறுதி ஏற வேண்டிய படிகள்

தேர்தல் அறிக்கை என்பது ஒரு கட்சி வெளியிடும் ஆவணம். கட்சி வேறு, அரசு வேறு. கட்சிக்குக் கஜானா கிடையாது. அறிக்கையில் உள்ள ஒரு வரி மக்கள் கைக்கு வந்து சேர நான்கு படிகள் ஏற வேண்டும்.

1. அறிவிப்பு. வென்ற கட்சி ஆட்சி அமைத்ததும் முதல்வரின் முதல் கையெழுத்திலோ, ஆளுநர் உரையிலோ, நிதிநிலை அறிக்கையிலோ அந்த வரி இடம்பெற வேண்டும். இந்த இடத்தில்தான் கட்சியின் சொல் அரசின் சொல்லாகிறது.

2. பணம். சட்டமன்றம் நிதி ஒதுக்கீட்டை ஏற்க வேண்டும். மன்றம் ஒப்புதல் தராமல் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கஜானாவிலிருந்து, ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

3. அரசாணை. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, என்னென்ன நிபந்தனைகளுடன் என்பதைத் துறைச் செயலர் கையெழுத்திட்டு வெளியிடும் ஆணை இது. பேச்சு வழக்கில் 'ஜி.ஓ.'

4. களம். விண்ணப்பம், சரிபார்ப்பு, ரேஷன் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, மேல்முறையீடு.

செய்தியில் நமக்குப் பெரிதாகக் காட்டப்படுவது முதல் படி. வாக்குறுதியின் உயரம் குறைவது மூன்றாவதில்.

நீதிமன்றத்துக்குப் போனால் என்ன நடக்கும்?

2006 தேர்தலில் தி.மு.க. ஒவ்வொரு வீட்டுக்கும் இலவச வண்ணத் தொலைக்காட்சி என்றது. வென்றது, ஒரு கோடிக்கும் மேலான வீடுகளுக்குக் கொடுக்கவும் செய்தது. சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2011 தேர்தல் வந்தது. தி.மு.க. மிக்சி அல்லது கிரைண்டர் என்றது. அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் தருவோம், மாணவர்களுக்கு மடிக்கணினி, தாலிக்கு நான்கு கிராம் தங்கம் என்றது. வென்றது அ.தி.மு.க. மனுதாரர் அதையும் சேர்த்து எதிர்த்தார்.

2013 ஜூலை 5 அன்று நீதிபதிகள் ப.சதாசிவம், ரஞ்சன் கோகோய் அமர்வு தீர்ப்பளித்தது. அதன் வாதம் இப்படிப் போகிறது:

1. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, வாக்காளருக்கு லஞ்சம் தருவதை முறைகேடான தேர்தல் நடவடிக்கை என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பிடிப்பது வேட்பாளரையும் அவருடைய முகவரையும். அறிக்கை வெளியிடுவது கட்சி.

2. தருவதாகச் சொன்ன பொருளைத் தரப்போவது வேட்பாளர் தன் சட்டைப் பையிலிருந்து அல்ல. அரசு அமைந்தபின், சட்டமன்றத்தின் ஒப்புதலோடு, பொதுப் பணத்திலிருந்து.

3. எனவே அது லஞ்சம் ஆகாது. ஆனாலும் இலவச வாக்குறுதிகள் நேர்மையான தேர்தலின் அடித்தளத்தையே அசைக்கின்றன. ஆகவே தேர்தல் ஆணையம் கட்சிகளிடம் பேசி நெறிமுறை வகுக்க வேண்டும்.

ஆணையம் பேசியது. 2014-இல் தேர்தல் நடத்தை விதிமுறைகளில் எட்டாவது பகுதியாக அறிக்கைகளுக்கென்று சில வரிகள் சேர்ந்தன. வாக்குறுதிக்கான நியாயத்தையும், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கட்சிகள் பொதுவாகவாவது சொல்ல வேண்டும்; நிறைவேற்றக்கூடியதைச் சொல்லி மட்டுமே வாக்காளரின் நம்பிக்கையைக் கேட்க வேண்டும். நல்ல வரிகள்தான். ஆனால் நடத்தை விதிமுறைகள் சட்டம் ஆகாது. பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாத கட்சியை ஆணையம் ஒன்றும் செய்ய முடியாது. பதிவு பெற்ற கட்சியின் பதிவை நீக்கும் பொது அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. 2022 அக்டோபரில் ஆணையம் மேலும் ஒரு படி போய், எத்தனை பயனாளிகள், தலைக்கு எவ்வளவு செலவு, புது வரியா கடனா என்று நிரப்பும் படிவம் ஒன்றை முன்மொழிந்தது. பல கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். கட்சியின் சொல்லுக்கும் அரசின் சொல்லுக்கும் உள்ள இடைவெளி அதில் பளிச்சென்று தெரியும். 2020 மார்ச் 29, பொதுமுடக்க நேரம். தில்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால் செய்தியாளர் சந்திப்பில், வாடகை கட்ட முடியாத ஏழைகளுக்காக அரசே கட்டும் என்றார். கட்டவில்லை. வழக்கு வந்தது. 2021 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, பதவியில் இருக்கும் முதல்வர் தரும் உறுதி வெறும் பேச்சாகிவிடாது, அரசு அதைப் பற்றி முடிவெடுத்தே ஆக வேண்டும் என்றார். இரண்டு மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. அதாவது, முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன சொல்லுக்கே இந்த நிலை. தேர்தலுக்கு முன் மேடையில் சொன்ன சொல்லை வைத்து நீதிமன்றத்தில் என்ன கேட்க முடியும்?

வினை எதில் முடிகிறது என்று பாருங்கள்

தமிழில் வினை கடைசியில் வருவது அறிக்கை எழுதுகிறவர்களுக்குப் பெரிய வசதி. வாக்கியத்தின் தொடக்கம் காதில் விழும்; முடிவு விழாது. மேடையில் படிக்கும்போது கைத்தட்டல் நடுவிலேயே வந்துவிடும்.

'வழங்கப்படும்' என்று முடிந்தால் அது வாக்குறுதி. 'வழங்க நடவடிக்கை எடுக்கப்படும்' என்றால் ஒரு கடிதம் எழுதினாலே நிறைவேறிவிட்டது. 'பரிசீலிக்கப்படும்' என்பதற்கு ஒரு குழு போதும். 'படிப்படியாக' என்பதில் முதல் படி மட்டும் நிச்சயம். 'மத்திய அரசை வலியுறுத்துவோம்' என்றால் வலியுறுத்தியதோடு கடமை முடிந்தது. விழுக்காடு சொல்லும்போது இவை அனைத்தும் ஒன்று, ஒன்று என்றே எண்ணப்படுகின்றன. 2021 தி.மு.க. அறிக்கையில் இருந்தவை 505 வாக்குறுதிகள். அதில் மாதம் ஆயிரம் ரூபாயும் ஓர் எண். ஏதோ ஓர் ஊருக்குப் பாலமும் ஓர் எண்.

வினைக்கு அப்பால், அதைச் செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

1. கையெழுத்தில் முடிபவை. 2021 மே 7 அன்று பதவியேற்ற மு.க.ஸ்டாலின் அன்றே கையெழுத்திட்டவற்றில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம், ஆவின் பால் விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு ஆகியவை இருந்தன. பேருந்துத் திட்டம் மறுநாளே நடைமுறைக்கு வந்தது.

2. ஆண்டுதோறும் பணம் கேட்பவை. குடும்பத் தலைவிகளுக்கான மாத உரிமைத்தொகை, ஓய்வூதியம் போன்றவை. ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது.

3. வருமானத்தை விட்டுக்கொடுப்பவை. 2016-இல் ஜெயலலிதா படிப்படியாக மதுவிலக்கு என்றார். பதவியேற்ற அன்று 500 டாஸ்மாக் கடைகளை மூடவும், விற்பனை நேரத்தைக் குறைக்கவும் ஆணையிட்டார். 2017-இல் எடப்பாடி கே.பழனிசாமி இன்னொரு 500. 2023-இல் தி.மு.க. ஆட்சி ஒரு 500. இந்த வேகத்தில் மதுவிலக்கு எப்போது வரும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. எந்த ஆட்சியும் அந்த வருமானத்தை விடத் தயாராக இல்லை. பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்போம் என்ற 2021 வாக்குறுதி, ஆகஸ்ட் நிதிநிலை அறிக்கையில் 3 ரூபாயாக வந்தது. டீசலுக்குச் சொன்ன 4 ரூபாய் வரவேயில்லை.

4. அடுத்தவர் கையில் இருப்பவை. நீட் இதற்குச் சரியான உதாரணம். விலக்குக் கேட்கும் மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மன்றம் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வரே பேரவையில் அறிவித்தார். இங்கே தவறு முயற்சியில் இல்லை. 2017-இலும் இதே போன்ற மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை என்பது தெரிந்திருந்தும், சாவி நம் கையில் இருப்பதுபோல் சொன்னதில்தான் தவறு.

இவற்றில் சேராத ஒன்றும் உண்டு: என்ன பொருள் என்றே தெரியாத வாக்குறுதி. மின் கட்டணத்தை இரண்டு மாதத்துக்குப் பதில் மாதந்தோறும் கணக்கிடுவோம் என்றது 2021 அறிக்கை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டண அடுக்குகளும் இலவச 100 யூனிட்டும் இரண்டு மாதத்துக்கு வகுக்கப்பட்டவை. மாதக் கணக்குக்கு மாறும்போது அவற்றையும் பாதியாக்கினால் வீட்டுக்கு ஒரு பைசா மிச்சமாகாது. பாதியாக்காமல் விட்டால் மின் வாரியத்துக்குப் பெரிய நட்டம். இரண்டில் எது வாக்குறுதி? அறிக்கை அதைச் சொல்லவில்லை. பயன் கிடைக்கும் என்று மட்டும் சொன்னது.

மூன்று படியும் ஒரு படியும்

சுருங்குவது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. 1967 தேர்தல் நேரத்தில் அரிசித் தட்டுப்பாடு. ரூபாய்க்கு மூன்று படி (அந்தக் காலத்து அளவு) அரிசி என்றது தி.மு.க. 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கத்தை அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் மறக்கவில்லை. காங்கிரஸ் ஆட்சி போனது, அண்ணா முதல்வரானார். ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மாநிலம் முழுக்க விரிக்கப் பணம் இடம் தரவில்லை.

இதை ஏமாற்று என்று அன்று காங்கிரஸ்காரர்கள் பேசினார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. லட்சியம் எது, நிச்சயம் எது என்று முழக்கத்திலேயே பிரித்துச் சொன்ன நேர்மை அதில் இருக்கிறது. பின்னால் வந்த அறிக்கைகளில் அந்தப் பிரிவினை காணாமல் போனது. எல்லாமே நிச்சயம் ஆயின.

கதை அதோடு நிற்கவில்லை. 2006 மே மாதம் பதவியேற்பு மேடையிலேயே கிலோ 2 ரூபாய் அரிசிக்குக் கருணாநிதி கையெழுத்திட்டார். 2008 செப்டம்பரில் அது 1 ரூபாய் ஆனது. 2011 ஜூனில் ஜெயலலிதா ஆட்சி விலையில்லா அரிசி என்றது. 1967-இல் ஒரு ரூபாய்க்குக் கிடைக்காத மூன்று படி, 44 ஆண்டு கழித்து ரூபாயே இல்லாமல் கிடைத்தது. ஒரு கட்சி நிறைவேற்றாமல் விட்ட வாக்குறுதியை அடுத்தடுத்த தேர்தல்களும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நிறைவேற்றின. வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா என்று ஐந்தாண்டுக் கணக்கில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது.

அரசாணை என்னும் கத்தரிக்கோல்

இனி நான்கு படிகளில் அந்த மூன்றாவதற்கு, அரசாணைக்கு, வருவோம். 2021-இன் பெரிய வாக்குறுதி, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பிரசாரத்தில் கேட்டது 'குடும்பத் தலைவிகள்'. திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது அது 'தகுதி வாய்ந்த குடும்பத் தலைவிகள்' ஆகியிருந்தது. இரண்டே சொல் முன்னால் வந்து உட்கார்ந்தது. அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருந்தது என்றால்:

1. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும்.
2. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.
3. நிலம் நஞ்சையானால் ஐந்து ஏக்கர், புஞ்சையானால் பத்து ஏக்கரைத் தாண்டக் கூடாது.
4. வீட்டில் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குமேல் மின்சாரம் செலவாகக் கூடாது.

நான்காவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆண்டுக்கு 3,600 என்றால் இரண்டு மாதப் பில்லுக்கு 600 யூனிட். ஏசி ஓடும் வீட்டை ஒதுக்கத்தான் அந்த வரம்பு. ஆனால் ஒரே கூரையின் கீழ் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனி ரேஷன் அட்டையோடு, ஒரே மீட்டரில் இருந்தால்? மாவு அரைத்து விற்கும் பெண் வீட்டு இணைப்பிலேயே கிரைண்டர் ஓட்டினால்? மீட்டருக்கு அது ஏழை வீடா, பணக்கார வீடா என்று தெரியாது.

பணக் கணக்கும் வேண்டும். தொடக்கத்தில் தகுதி பெற்றவர்கள் 1 கோடியே 6 லட்சம் பேர். மாதம் 1,060 கோடி, ஆண்டுக்கு 12,720 கோடி ரூபாய். மாநிலத்தில் ரேஷன் அட்டைகள் 2 கோடிக்கும் மேல். எல்லா அட்டைக்கும் ஒருவர் என்று கொடுத்தால் 24,000 கோடியைத் தாண்டும். ஆகவே வரம்பு போட்டது நிதித் துறையின் பார்வையில் நியாயம். பணக்கார வீட்டுக்கு ஏன் ஆயிரம் ரூபாய் என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பெருக்கல் தேர்தலுக்கு முந்தைய நாளும் இதே விடையைத்தான் தந்திருக்கும். அறிக்கையிலேயே 'ஒரு கோடிப் பெண்களுக்கு, இந்த வரம்புக்குள்' என்று எழுதியிருக்கலாம். எழுதினால் மீதி ஒரு கோடி வீடுகள் என்ன நினைக்கும் என்ற பயம்தான் எழுத விடவில்லை.

நகைக்கடன் கதை இன்னும் கூர்மையானது. கூட்டுறவு வங்கிகளில் ஐந்து சவரன் வரை அடகு வைத்த நகைக்கான கடன் தள்ளுபடி என்று 2021 மார்ச் 13 அன்று வெளியான அறிக்கை சொன்னது. தள்ளுபடிக்கு எடுத்துக்கொண்ட தேதி மார்ச் 31. துறை கணக்கெடுத்தபோது 48 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்கள் வந்து நின்றன. அவற்றில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவை தகுதியற்றவை என்று 2021 கடைசியில் ஒதுக்கப்பட்டன. ஏற்கெனவே பயிர்க்கடன் தள்ளுபடி பெற்றவர், அரசு ஊழியர் குடும்பம், 40 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்தவர் என்று பட்டியல் நீண்டது. ஒரே ஆள் பெயரில் ஏராளமான கடன்கள் இருந்த மோசடிகளும் வெளியே வந்தன. அவற்றை வெட்டியது சரி. ஆனால் 41 கிராம் சங்கிலியை அடகு வைத்து வட்டி கட்டாமல் காத்திருந்தவருக்கு ஒரு கிராமால் முழுத் தள்ளுபடியும் போனது. காத்திருந்த மாதங்களின் வட்டியும் தலையில் விழுந்தது. வாக்குறுதியை நம்பியதற்கு அவர் கொடுத்த விலை அது.

இந்தக் கத்தரிக்கோலை நீதிமன்றம் தடுக்குமா? 2016-இல் அ.தி.மு.க. அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும், அதாவது ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆணையிட்டது. எல்லா விவசாயிக்கும் கொடுங்கள் என்று 2017 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. கூடுதலாகச் சுமார் 1,980 கோடி ஆகும் என்று அரசு மேல்முறையீடு செய்தது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. தேர்தல் வாக்குறுதியிலிருந்து பிறந்தது என்பதற்காகவே ஒரு திட்டம் சந்தேகத்துக்குரியது ஆகிவிடாது. ஏழை விவசாயிக்கு முன்னுரிமை தர வரம்பு வகுப்பதும் தவறில்லை என்றது. சட்டப்படி சரியான தீர்ப்பு. அதனாலேயே, வெட்டும் அளவைத் தீர்மானிப்பது முழுக்க ஆட்சியாளர் கையில் தங்கிவிட்டது.

இன்னொரு சங்கடம், காப்பாற்றிய பிறகு வருவது. 2021 மேயில் பால் 3 ரூபாய் குறைந்தது, டிக் போட்டாயிற்று. 2022 நவம்பரில் ஆரஞ்சு நிறப் பாக்கெட் லிட்டருக்கு 12 ரூபாய் ஏறி 48-லிருந்து 60 ஆனது. ஆவின் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பழைய விலை. காலையில் கடையில் பாக்கெட் வாங்குபவரிடம் வாக்குறுதி நிறைவேறியது என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? நிறைவேற்றப்பட்டவற்றின் பட்டியலில் அது இன்னும் இருக்கும்.

எல்லாவற்றையும் காப்பாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஆம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மூன்று தடைகள் இருக்கின்றன.

1. வாக்காளர் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக வாக்களிப்பதில்லை. 2021-இல் தி.மு.க. கூட்டணி பெற்றது 45 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அந்த வாக்காளர்கள் அனைவரும் 505 வரிகளுக்கும் சம்மதித்தார்கள் என்பது கற்பனை. 'அறிக்கையில் சொன்னோம், வென்றோம், அதனால் செய்கிறோம்' என்ற வாதம் எந்தச் செயலையும் தானாக நியாயமாக்கிவிடாது. ஜம்மு காஷ்மீருக்குச் சிறப்பு நிலை தந்த 370-ஆவது பிரிவை நீக்குவோம் என்று பா.ஜ.க. பல தேர்தல்களில் சொன்னது, கூட்டணி ஆட்சிக் காலத்தில் ஒதுக்கி வைத்தது, 2019 ஆகஸ்டில் செய்தது. சொன்னதைச் செய்தார்கள் என்பது உண்மை. செய்தது சரியா, செய்த விதம் சரியா என்பதைத் தனியாகத்தான் வாதிட வேண்டும்.

2. நிலைமை மாறும். வெள்ளம், தொற்று, ஒன்றிய அரசின் வரி மாற்றம். நிதிப் பொறுப்புச் சட்டம் பற்றாக்குறைக்கு வரம்பு போட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, முந்தைய ஆட்சி விட்டுப்போன கடன் நிலைமையை விவரித்தது. வாக்குறுதிகள் தள்ளிப்போவதற்கு அதுவே காரணமாகக் காட்டப்பட்டது. நிதி நிலையின் பெரும்பகுதி தேர்தலுக்கு முன்பே வரவு செலவு ஆவணங்களிலும் தணிக்கை அறிக்கைகளிலும் இருந்ததுதான் என்பதால், அந்தக் காரணத்தைப் பாதிக்கு மேல் ஏற்க முடியாது.

3. சட்டத்தால் கட்டிப்போட்டால் நீதிபதிகளே ஆட்சி நடத்தும்படி ஆகிவிடும். கட்சிகளும் உஷாராகி, 'வழங்கப்படும்' என்று ஒரு வரிகூட எழுதாது. எல்லாம் 'நடவடிக்கை எடுக்கப்படும்' ஆகிவிடும்.

ஆக, என் கணிப்பில், எல்லாவற்றையும் செய்தே தீர வேண்டும் என்பதைவிடக் கடுமையாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: செய்யாததையும் சுருக்கியதையும் தேதி போட்டு, காரணம் எழுதி, மன்றத்தில் வைக்க வேண்டும். இன்றைய ஏற்பாட்டில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடா சொன்னதை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கலாம். அந்த உறுப்பினர் தொகுதி மக்களுக்குக் கட்சி அச்சடித்துக் கொடுத்த அறிக்கையைக் காப்பாற்றுவதற்காகவே மீறியிருந்தாலும் சரி. அறிக்கையை மீறிய கட்சிக்கு ஒன்றும் ஆகாது.

வெளியே எப்படி?

பிரிட்டனில் 2010 தேர்தலில் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டணி ஆட்சியில் சேர்ந்ததும் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயர்ந்தது. தலைவர் நிக் கிளெக் 2012-இல் மன்னிப்புக் கேட்டார். 57 ஆக இருந்த இடங்கள் 2015-இல் 8 ஆயின. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தப் படம் தேர்தல் முழுக்க அவர்களைத் துரத்தியது.

நெதர்லாந்தில் வேறு வழி. 1986 முதல், அரசின் பொருளாதார ஆய்வு அமைப்பு ஒன்று தேர்தலுக்கு முன்பே கட்சிகளின் அறிக்கைகளுக்குக் கணக்குப் போட்டு வெளியிடுகிறது. எவ்வளவு செலவு, யாருக்கு லாபம், பற்றாக்குறை எவ்வளவு கூடும் என்று எல்லாக் கட்சிக்கும் ஒரே அளவுகோல். கட்டாயம் கிடையாது, கட்சிகள் தாமாகவே கொடுக்கின்றன.

கட்சிகள் எல்லாமே பொய் என்று கசந்துகொள்பவர்களுக்கு ஒரு தகவல். 12 நாடுகளில் 57 தேர்தல்களில் தரப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட வாக்குறுதிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்சிக்கு வந்த கட்சிகள் மக்கள் நினைப்பதைவிட அதிகமாகவே காப்பாற்றுகின்றன என்று கண்டது. தனித்து ஆளும் கட்சிகள் கூடுதலாக, கூட்டணி ஆட்சிகள் குறைவாக. அந்த ஆய்விலும் பாதி நிறைவேறியவற்றுக்குத் தனிக் கட்டம் உண்டு. நம் ஊர் விழுக்காட்டுச் சண்டையில் இல்லாதது அந்தக் கட்டம்தான்.

ஏற்கெனவே இருக்கும் ஒரு குழு

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள் மன்றத்தில் எழுந்து தரும் உறுதிகள் நிறைவேறினவா என்று தொடர்ந்து பார்ப்பது அதன் வேலை. உறுப்பினர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய், பாதியில் நிற்கும் கட்டடங்களை நேரில் பார்க்கிறார்கள். மக்களவையில் இதே போன்ற குழு 1953 முதல் இருக்கிறது. அங்கே உறுதி தந்தால் மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அல்லது அவகாசம் கேட்க வேண்டும். எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்பதற்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். 'விஷயம் பரிசீலனையில் உள்ளது', 'இதைக் கவனிக்கிறேன்' என்று அமைச்சர் நழுவினாலும் விடமாட்டார்கள். பட்டியலில் இருக்கிறது, குறித்துக்கொள்வார்கள்.

தேர்தல் அறிக்கை இந்தக் குழுக்களின் எல்லைக்குள் வராது, அது கட்சியின் காகிதம் என்பதால். ஆனால் புது ஆட்சியின் முதல் கூட்டத்தொடரிலேயே முதல்வர் அந்தக் காகிதத்தை மன்றத்தின் மேசையில் வைத்து, எதை, எந்த ஆண்டில், யாருக்குச் செய்வோம் என்று ஓர் அறிக்கை படித்தால் அந்த நொடியே அது மன்றத்தில் தந்த உறுதி ஆகிவிடும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டாலே போதும்.